வாசலில் நேர்கோடு, கிணற்றடியில் நிழல்: வீட்டுத் தோட்டத்துக்கு எந்தப் பாணி?

புது வீடு கட்டி முடித்ததும் நம்மில் பலர் முதலில் செய்வது, கன்று விற்கும் இடத்துக்குப் போய்க் கண்ணுக்குப் பிடித்ததையெல்லாம் வாங்கி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவதுதான். எங்கே நடுவது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசனைக்கு வரும். மதிலோரம் கொஞ்சம், கேற்றடியில் கொஞ்சம், மிச்சம் பூச்சாடியில். ஒரு மாரி முடிந்து கோடை வந்ததும் பாதி கருகிப் போகும், மீதி ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கும். அந்தக் கன்றுகளில் குறை எதுவும் இல்லை. என்ன கன்று வாங்குவது என்று கேட்பதற்கு முன், இந்த வளவுக்கு என்ன அமைப்பு வேண்டும் என்று யாரும் கேட்காமல் விட்டதுதான் காரணம்.

தோட்ட அமைப்பில் இரண்டு பெரிய பாணிகள் உண்டு. ஒன்று முறைசார் தோட்டம். நேர்கோடு, சதுரம், வட்டம் என்று அளந்து போட்ட வடிவம். நடுவில் ஒரு கோடு கிழித்தால் இடப்பக்கம் இருப்பது வலப்பக்கமும் இருக்கும். செடிகளைக் கத்தரித்து ஒரே உயரத்தில் வைத்திருப்பார்கள். மற்றது முறைசாராத் தோட்டம். சுருக்கமாக இயல்புத் தோட்டம் என்றே சொல்லலாம். அதில் பாதை வளைந்து போகும், செடி அதனதன் உருவத்தில் வளரும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உயரமானது, நடுத்தரமானது, தரையோடு படர்வது எல்லாம் கலந்து நிற்கும்.

இந்த இரண்டுக்கும் உலகத்தில் பெயர் பெற்ற உதாரணங்கள் உண்டு. பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தை 1660களில் அந்த்ரே லெ நோத்ர் அளவுகோல் வைத்தது போல் அமைத்தார். அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தில் லான்சலட் பிரவுன் அந்த நேர்கோடுகளையெல்லாம் அழித்துவிட்டு, புல்மேடும் வளைந்த ஏரியும் மரக்கூட்டமுமாகப் பிரபுக்களின் தோட்டங்களை மாற்றினார். ஆனால் நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை இல்லை. திருகோணமலையிலிருந்து ஹபறணை வழியாகச் சிகிரியாவுக்குப் போனால் இரண்டையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

சிகிரியாவை அமைத்த காசியப்ப மன்னன் ஆண்டது கி.பி. 477 முதல் 495 வரை. மேற்கு வாசலால் உள்ளே நுழைந்ததும் வருவது நீர்த்தோட்டம். நடுவால் நேரே ஒரு பாதை, அதற்கு இரு புறமும் ஒரே அளவில் குளங்கள், ஒரே மாதிரியான மேடைகள். இடப்பக்கத்தைப் பார்த்துவிட்டால் வலப்பக்கம் என்ன இருக்கும் என்று சொல்லிவிடலாம். மாரிகாலத்தில் அங்குள்ள சின்ன நீரூற்றுகள் இன்றும் தாமாகப் பொங்குகின்றன. நீரின் மட்ட வேறுபாடு தரும் அழுத்தம்தான் அவற்றை இயக்குகிறது. அதைத் தாண்டி மலையடிவாரத்துக்கு வந்தவுடன் கோடெல்லாம் மறைந்துவிடுகிறது. பெரிய பாறைகள் கிடந்த இடத்திலேயே கிடக்க, பாதை அவற்றைச் சுற்றி வளைந்து, பாறை இடுக்கால் நுழைந்து மேலே போகிறது. பாறைத்தோட்டம் என்று சொல்வது இதைத்தான். சமதரையில் கோடு போட முடிந்தது, போட்டார்கள். பாறை நின்ற இடத்தில் பாறைக்கு வழிவிட்டார்கள். 1,500 ஆண்டுகளுக்கு முன்னர் எடுத்த இந்த முடிவுதான் 12 பேர்ச் வளவுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்: எந்தப் பாணி என்பதை நிலமும் நீரும் நம் நடமாட்டமும் பாதிக்கு மேல் தீர்மானித்துவிடும். நம் ரசனைக்கு இடம் அதற்குப் பிறகுதான்.

நம் பழைய வளவே இரண்டு பாணிதான்

இணையத்தில் படம் பார்த்துவிட்டு இதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அம்மம்மா காலத்து வளவை நினைத்துப் பாருங்கள். முன்பக்கம் முற்றம். காலையில் ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டி, மணலில் கோடு தெரியும்படி வைத்திருப்பார்கள். படலையிலிருந்து விறாந்தை வரை தடையில்லாத வெளி. ஓரத்தில் நந்தியாவட்டை, செவ்வரத்தை, ஒரு துளசி. தைப்பொங்கலன்று பானை வைப்பது அங்கேதான். கலியாணத்துக்கும் சாவீட்டுக்கும் பந்தல் போடுவதும் அங்கேதான். பின்பக்கம் போனால் கிணற்றடி. வாழை, கமுகு, முருங்கை, கறிவேப்பிலை, தேசி, மாதுளை என்று எல்லாம் ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு நிற்கும். அங்கே யாரும் கோடு போட்டதில்லை. உடுப்புத் தோய்த்த தண்ணீர் ஓடுகிற பக்கம் வாழை, குசினி யன்னலால் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் கறிவேப்பிலை.

முன்முற்றம் முறைசார் அமைப்பு, கிணற்றடி இயல்பு அமைப்பு. யாரும் இந்தப் பெயர்களைச் சொல்லி அமைக்கவில்லை. வேலைக்கு ஏற்ப இடம் அமைந்தது. இன்று அந்த முற்றத்தை முழுக்க இன்டர்லொக் கல்லால் மூடிவிட்டு, மூலையில் நான்கு சாடி வைத்து 'மொடர்ன் தோட்டம்' என்று சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கல் பதித்த முற்றம் பங்குனி, சித்திரை வெயிலை இழுத்துவைத்து இரவிலும் வீட்டுக்குள் சூட்டை அனுப்பும். மாரியில் பெய்கிற தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் வீதிக்கு ஓடும். அதே வீட்டுக் கிணறு ஆவணியில் அடி தெரிய வற்றும்.

தண்ணீர்க் கணக்கு

எந்தப் பாணி என்று யோசிக்கும்போது திருகோணமலையில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். நமக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. கேட்க நிறைய மாதிரி இருக்கும். அதில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வாடைக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடும். மேயிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்று. அது இலையில் உள்ள ஈரத்தையும் மண்ணில் உள்ள ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போகும். உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவு போன்ற கரையோரப் பகுதிகளில் மண் மணல். ஊற்றிய தண்ணீர் நிற்காது. கடலுக்கு மிகக் கிட்ட உள்ள கிணறுகளில் கோடை முற்ற முற்ற உவர்ப்பும் ஏறும்.

இந்த நிலைமையில் முறைசார் தோட்டம் என்றவுடன் எல்லோர் மனதிலும் வருகிற பச்சைப் புல்தரையை எடுத்துக்கொள்வோம். 20 அடிக்கு 25 அடி, அதாவது ஏறத்தாழ 46 சதுர மீற்றர் புல். வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் அளவுக்குத் தண்ணீர் அதற்குத் தேவைப்படும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு லீற்றர். ஆகவே தினமும் 230 லீற்றர். கூரையில் இருக்கிற 1,000 லீற்றர் தாங்கி நான்கு நாளைக்கு மேல் தாங்காது, அதுவும் புல்லுக்கு மட்டும். குளிக்க, சமைக்க வேறு தண்ணீர் வேண்டும். மலேசியன் கிராஸ் பதிக்க வருபவர் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார். நீங்களே போட்டுப் பாருங்கள்.

முறைசார் அமைப்புக்குப் புல்தரை கட்டாயம் கிடையாது. அதற்கு வேண்டியது சமமான, வெறுமையான, எல்லை தெளிவான ஒரு தளம். கூட்டிய மணல் முற்றம் அதைச் செய்யும். சரளைக்கல் செய்யும். நடுவில் மட்டும் ஆறடிக்கு ஆறடி புல் வைத்துச் சுற்றிலும் மணல் விட்டாலும் அழகாகத்தான் இருக்கும்.

கத்தரிக்கோல் கணக்கு

தண்ணீருக்கு அடுத்தது நேரம். முறைசார் தோட்டத்தில் வடிவம்தான் அழகு. வடிவம் குலைந்தால் அழகும் போய்விடும். குளிர்நாடுகளில் செடிவேலியை ஆண்டுக்கு ஓரிரு முறை வெட்டினால் போதும். நம் ஊரில் மாரி முடிந்ததும் செடிகள் பாய்ந்து வளரும், இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை வெட்டாவிட்டால் கோடு அழிந்துவிடும். நிலாவெளி வீதியில், உப்புவெளியில் உள்ள பொதுநலவாய யுத்த மயானத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரே அளவான கற்கள் வரிசை பிசகாமல், புல் சீராக வெட்டி, எப்போது போனாலும் அதே ஒழுங்கு. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கு மரியாதை செய்யும் இடத்துக்கு அந்த ஒழுங்கு தேவை. அதைக் காக்கச் சம்பளத்துக்குத் தோட்டக்காரர்களும் இருக்கிறார்கள். வேலைக்குப் போய் ஐந்து மணிக்கு வீடு திரும்புகிற நமக்கு அது எவ்வளவு முடியும் என்பதை நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கத்தரிப்பதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. செவ்வரத்தை புதிதாக வளரும் கிளையின் நுனிப்பகுதியில்தான் பூக்கும். எக்சோராவும் அப்படித்தான், குலை வருவது நுனியில். மேலால் சீராக வெட்டிக்கொண்டே இருந்தால் மொட்டையும் சேர்த்து வெட்டுகிறோம். பச்சைச் சுவர் கிடைக்கும், பூ கிடைக்காது. காலையில் சாமிக்குப் பூப் பறிக்கிற வீடு என்றால் செவ்வரத்தையைச் சதுரமாக வெட்டாதீர்கள். அதை அதன் போக்கில் விட்டு, ஆண்டுக்கு ஒருமுறை கிளையைக் குறைத்துவிட்டால் போதும். வெட்டி வடிவமாக்க வேறு செடி தேடலாம். மருதோன்றி நல்ல தெரிவு: வறட்சி தாங்கும், வெட்ட வெட்டக் கிளைக்கும், கொஞ்ச நாளில் நெருக்கமாகிவிடும், விசேஷத்துக்கு இலையும் கிடைக்கும். துரந்தா, குரோட்டன் இரண்டும் வெட்டுக்குத் தாங்கும், ஆனால் மருதோன்றியைவிடத் தண்ணீர் கேட்கும்.

முறைசார் வரிசையில் இருக்கிற இன்னொரு சிக்கல், ஒரு கன்று பட்டுப்போனால் அந்த இடைவெளி தூரத்திலிருந்தே தெரியும். அதனால் வரிசைக்குப் பத்துக் கன்று வேண்டுமென்றால் பன்னிரண்டாக வாங்கி, இரண்டைப் பின்பக்கம் சாடியில் வளர்த்து வையுங்கள். அதே வயதுக் கன்று பிறகு கிடைக்காது.

இங்கே திருகோணமலைக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். கோட்டைப் பக்கமும் கடற்கரைப் பக்கமும் குடியிருப்பவர்களுக்குப் புள்ளிமானைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பிரெட்ரிக் கோட்டைக்குள் திரிகிற மான்கள் பட்டணத்துக்குள்ளும் வரும், கேற் திறந்திருந்தால் வளவுக்குள்ளும் வரும். அவை மேயாத இடத்தில் கட்டாக்காலி மாடுகள் மேயும். ரோசாவும் செவ்வரத்தைத் தளிரும் அவற்றுக்கு நல்ல தீனி. ஒரே உயரத்தில் வெட்டிய வரிசையில் நடுவில் இரண்டு செடியைக் கடித்துவிட்டால் முழு வரிசையும் கெட்டதுபோல் ஆகிவிடும். கலந்து நட்ட இயல்புத் தோட்டத்தில் அதே கடி கண்ணிலேயே படாது, இரண்டு கிழமையில் துளிர்த்தும் விடும். இந்த ஒரு காரணத்துக்காகவே, வேலி பலமில்லாத வீட்டில் வீதிப்பக்கம் கத்தரித்த வரிசை வைக்க நான் சொல்ல மாட்டேன்.

இயல்பு என்றால் விட்டுவிடுவதா?

சிலர் 'எங்கள் வீட்டில் இயல்புத் தோட்டம்தான்' என்று சொல்லிவிட்டுப் பற்றையைக் காட்டுவார்கள். இயல்பாகத் தெரிவதற்கும் வேலை வேண்டும். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா பெந்தோட்டைக்குக் கிட்ட லுணுகங்கை என்ற தோட்டத்தை 1948இல் வாங்கி, 2003இல் இறக்கும் வரை அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். முதல் பார்வைக்குக் காடும் குளமும் தானாக அமைந்ததுபோல் இருக்கும். உண்மையில் வீட்டிலிருந்து ஏரியைப் பார்க்கும் பார்வைக் கோட்டுக்காக நிலத்தைத் திருத்தினார், மரங்களை வெட்டினார், சில மரங்களின் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு வளைத்தார். ஒவ்வொரு வளைவுக்குப் பின்னாலும் ஒரு முடிவு இருந்தது.

நம் அளவுக்கு அந்த முடிவுகள் சிலதான். முதலாவது, கூட்டமாக நடுவது. பத்து விதமான கன்றில் ஒவ்வொன்று நட்டால் கண் எங்கும் தங்காது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள். சாதாரண நித்தியகல்யாணியையே ஏழெட்டாக ஒரே இடத்தில் நட்டுப் பாருங்கள், விலை கூடிய ஒற்றை ரோசாவைவிட எடுப்பாக இருக்கும். தண்ணீரும் குறைவு, உப்புக்காற்றும் தாங்கும். மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் நட்டால் வரிசைபோலத் தெரியாமல் கூட்டமாகத் தெரியும்.

அடுத்தது உயரம். மதிலோடு சேர்த்து மாதுளை, முருங்கை போன்ற உயரமானவை, அதற்கு முன்னால் நந்தியாவட்டை, செவ்வரத்தை, கறிவேப்பிலை, பாதையோரத்தில் தரையோடு நிற்பவை. ஈரம் நிற்கிற இடமானால் வல்லாரையும் பொன்னாங்காணியும் அங்கேயே தரையை மூடும், சம்பலுக்கும் சுண்டலுக்கும் ஆகும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாவிட்டாலும் பாரம் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் பெரிய மாமரம் நின்றால் மறுபக்கம் மூன்று நான்கு நடுத்தரச் செடிகளின் கூட்டம் வேண்டும், இல்லாவிட்டால் வளவு ஒரு பக்கம் சரிந்ததுபோல் தெரியும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம்: ஓரம். இயல்புத் தோட்டத்தையும் பற்றையையும் வேறாகக் காட்டுவது சுத்தமான ஓரம். செங்கல்லைச் சாய்த்து வரிசையாகப் புதைத்தாலும் சரி, போத்தலைக் கவிழ்த்துப் புதைத்தாலும் சரி, செடி முடிகிற இடமும் மணல் தொடங்குகிற இடமும் தெளிவாகத் தெரிய வேண்டும். பழைய வீடுகளில் முருகைக்கல்லை வெள்ளையடித்து ஓரம் கட்டியிருப்பார்கள். இப்போது அதைக் கடலிலிருந்து எடுப்பது சட்டப்படி குற்றம். நிலாவெளிக் கடலில் உள்ள புறாமலைத் தீவுப் பக்கத்துப் பவளப்பாறைகள் பட்டது போதும், அந்தக் கல்லைத் தேடிப் போகாதீர்கள்.

பாம்புப் பயமும் நியாயமானதுதான். அடர்ந்த செடியை வாசற்படியோடும், இரவில் நடக்கிற கிணற்றடிப் பாதையோடும் ஒட்டி வைக்க வேண்டாம். வீட்டுச் சுவரைச் சுற்றி நாலைந்து அடிக்குக் கூட்டிய தரை இருக்கட்டும். கால் வைக்கிற இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிள்ளைகளும் ஆடு மாடும் உள்ள வீட்டில் அலரி வேண்டாம், அதன் இலை, விதை, பால் எல்லாம் நஞ்சு.

தண்ணீர்த் தொட்டியும் தாமரைச் சாடியும் வைக்க ஆசைப்படுகிறவர்கள் டெங்கை மறக்கக்கூடாது. 2017இன் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாட்டை மாவட்டமே பார்த்தது. தொட்டி வைத்தால் கப்பி மீன் விடுங்கள், சாடிக்குக் கீழ் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்றில்லை.

ஒரு வளவில் போட்டுப் பார்ப்போம்

40 அடி அகலம், 80 அடி நீளம் என்று ஒரு வளவு. ஏறத்தாழ 12 பேர்ச். கிழக்கே வீதி. நடுவில் 30 அடிக்கு 35 அடி வீடு. முன்னால் 20 அடி, பின்னால் 25 அடி வெளி. கிணறு பின்னால், வடக்கு மூலையில். இப்படியான வளவுகள் பாலையூற்றிலும் அன்புவழிபுரத்திலும் உவர்மலையிலும் நிறைய உண்டு.

முன்பக்கத்தில் முறைசார் அமைப்பையே நான் எடுப்பேன். காரணம், வீடு நேர்கோட்டில் கட்டியது, முன்கதவு ஒரு மையத்தைத் தருகிறது, இடம் சின்னது, பந்தலுக்கும் பொங்கலுக்கும் வெளி வேண்டும். கேற்றிலிருந்து கதவுக்கு 4 அடி அகலத்தில் பாதை. இரண்டு பேர் சேர்ந்து நடக்க அந்த அகலம் வேண்டும், 3 அடி என்றால் ஒருவர் பின்னால் ஒருவர்தான் போகலாம். பாதையின் இரு பக்கமும் இரண்டு அடி அகலத்தில் பாத்தி, அதில் ஒரே வகைச் செடி. படியின் இரு பக்கமும் ஒரே அளவில் இரண்டு சாடி. மிச்சம் வெறும் முற்றம். அவ்வளவுதான். ஒரு வகைச் செடி போதுமா என்று கேட்பார்கள். போதும். முறைசார் தோட்டத்தில் செடிவகை கூடக்கூட அதன் அமைதி கெடும்.

பல வீடுகளில் கேற் கதவுக்கு நேரே இருக்காது. வாகனம் விட வேண்டுமென்று ஒரு மூலையில் வைத்திருப்பார்கள். அப்போது முழு முற்றத்தையும் இரண்டு சம பாதியாக்க முயல வேண்டாம், அது எப்போதும் கோணலாகவே தெரியும். கதவையும் படியையும் மட்டும் மையமாக வைத்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் செய்யுங்கள். கேற் பக்கத்தை அதன் பாட்டில் விட்டுவிட்டு, மதிலில் ஒரு போகன்விலா ஏற்றிவிடுங்கள். கடும் வெயிலில்தான் அது நன்றாகப் பூக்கும், தண்ணீர் கூடினால் இலைதான் வரும்.

பக்கச்சுவரோடு இருக்கிற 5 அடி ஒடுக்கத்தில் அலங்காரம் எதுவும் செய்யாதீர்கள். குசினிப் பக்கமாக இருந்தால் கறிவேப்பிலை, ரம்பை. மறுபக்கம் நடக்கவும் குழாய் பார்க்கவும் இருக்கட்டும்.

பின்பக்கம் முழுக்க இயல்பு. குசினிக் கதவிலிருந்து கிணற்றுக்குப் பாதை வேண்டும், அது வளையலாம். ஆனால் வளைவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். மரம் ஒன்றைச் சுற்றினால், பாத்தி ஒன்றை விலத்தினால் வளைவு இயல்பாக இருக்கும். வெறும் வெளியில் நெளிநெளியாகப் போட்ட பாதையை யாரும் மதிக்க மாட்டார்கள், ஒரு மாதத்தில் குறுக்கே நடந்து புதுத் தடம் போட்டுவிடுவார்கள். கிணற்றடித் தண்ணீர் ஓடும் பக்கம் வாழை. மேற்கு மதிலோடு மாதுளையும் தேசியும், பின்னேர வெயிலை அவை கொஞ்சம் மறிக்கும். முருங்கையை வீட்டிலிருந்து பத்து அடிக்கு மேல் தள்ளி வையுங்கள், காற்றுக்கு முறிகிற மரம். தென்னை வைக்க ஆசையென்றால் தேங்காய் விழுந்தால் எங்கே விழும் என்று முதலில் அண்ணாந்து பாருங்கள். உடுப்புக் காயப்போடும் கொடிக்கு வெயில் படுகிற ஒரு கீற்று ஒதுக்க வேண்டும். இதைத் திட்டத்தில் மறந்தவர்கள் பிறகு மாதுளைக்கும் முருங்கைக்கும் இடையில் கயிறு கட்டுவார்கள்.

இந்த வளவில் இரண்டு பாணியும் சந்திக்கிற இடம் வீட்டின் பக்கச்சுவர். அதனால் ஒன்று மற்றதைக் குழப்பாது. முன்பக்கம் மட்டுமே உள்ள வீடு என்றால் வேறு வழி உண்டு: கோடு நேராக இருக்கட்டும், அதற்குள் செடி தன் இஷ்டத்துக்கு வளரட்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் எட்வின் லட்யன்ஸ் என்ற கட்டடக் கலைஞரும் கெர்ட்ரூட் ஜீக்கில் என்ற தோட்டக் கலைஞரும் சேர்ந்து பெயர் வாங்கியது இந்த முறையில்தான். அவர் கல்லால் நேரான பாதையும் படியும் போடுவார், அந்த அம்மா அதன் ஓரங்கள் மறையும்படி செடிகளைத் தாராளமாக நடுவார். பாத்தியைச் சதுரமாகக் கட்டி, உள்ளே நித்தியகல்யாணியும் நந்தியாவட்டையும் வல்லாரையும் கலந்து நடுங்கள். செடி கொஞ்சம் வழிந்தாலும் கல் ஓரம் ஒழுங்கைக் காப்பாற்றும். வேலை குறைவு, பார்வைக்கும் நிறைவு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கோடு போடுவது எப்படி?

கடதாசியில் வரைந்ததை மண்ணில் இறக்க முளைக்கம்பும் நூலும் போதும். நேர்கோட்டுக்கு இரண்டு முளை அடித்து நூலை இழுத்துக் கட்டுங்கள். மூலை சரியாக 90 பாகையா என்று பார்க்க மேசன்மார் செய்கிற வேலையைச் செய்யலாம்: மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடியிலும் மற்ற நூலில் 4 அடியிலும் அடையாளம் வைத்து, அந்த இரண்டுக்கும் இடையில் அளந்தால் 5 அடி வர வேண்டும். வந்தால் மூலை சரி. பெரிய இடம் என்றால் 6, 8, 10 என்று அளக்கலாம், பிழை குறையும். வட்டத்துக்கு நடுவில் ஒரு முளை, கயிறு, மறு நுனியில் ஒரு கம்பு.

வளைவுக்கு ஹோஸ் பைப்பைத் தரையில் விரித்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் வெயிலில் கிடந்தால் பைப் இளகிச் சொன்னபடி வளையும். வளைத்துவிட்டு விறாந்தையிலிருந்து பாருங்கள், கிணற்றடியிலிருந்து பாருங்கள், முடிந்தால் மாடியிலிருந்தும் பாருங்கள். பிடித்த பிறகு பைப்போடு சுண்ணாம்புத் தூள் தூவினால் கோடு கிடைத்துவிடும். இரண்டு மூன்று நாள் அந்தக் கோட்டின்படியே நடந்து பழகுங்கள். வாளியோடு போகும்போது இடறுகிறதா, சைக்கிள் உருட்ட முடிகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

கல், ஓரம், பாதை வேலைகளைக் கோடையில் முடியுங்கள். ஆவணி, புரட்டாதியில் பாத்தியைக் கிண்டி எருவும் காய்ந்த இலையும் கலந்து விடுங்கள். மணல் வளவென்றால் அடியில் ஊறவைத்த தேங்காய்ப் பொச்சைப் புதைத்தால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஐப்பசியில் முதல் மழை விழுந்து மண் நனைந்த பிறகு நடலாம். மாரி முழுவதும் வேர் ஓடியிருந்தால்தான் அடுத்த கச்சான் காற்றை அந்தக் கன்று தாங்கும். தையிலோ மாசியிலோ நடுகிற கன்றுக்கு அந்த அவகாசம் கிடையாது.

மார்கழியில் கடும் மழை பெய்கிற ஒரு நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு வளவைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, பாதை தாழ்ந்த இடங்களில் இரண்டு அங்குலம் மண் உயர்த்திவிடுங்கள். பின்பக்கத்தில் பாதி இடத்தை முதல் ஆண்டு வெறுமையாகவே வைத்திருங்கள். எந்தக் கன்று கோடையைத் தாங்கியது என்று பார்த்து, அடுத்த ஐப்பசியில் அதிலிருந்தே தடி முறித்துப் பதி வைத்து மீதியை நிரப்பலாம்.